கணக்கு வராதவர்கள்

எண்ணையும் எழுத்தையும் மனிதரின் இரு கண்களாகக் கண்டவர் வள்ளுவர். நேயர்களே, அவற்றுள் ஒரு கண் இல்லையென்பதற்கு இன்று நம்மிற் பலர் வெட்கப்படுவதில்லை. "எனக்குக் கணக்கு வராது" என்று புன்னகையோடு சொல்லும் இலக்கிய அன்பர்கள் பலரை அறிவேன். "எனக்கு வாசிக்க வராது" என்று அவ்வாறு சொல்வார் எவருமிலர். இந்த மனப்பாங்குக்கும் ஒரு வரலாறு உண்டு.

திண்ணைப் பள்ளியிற் சட்டாம்பிள்ளை எண்சுவடியைச் சொல்ல, ஏனையோர் ஒரே குரலிற் திருப்பிச் சொல்வர். 320இல் ஒரு பங்கான முந்திரி, 80இல் ஒரு பங்கான காணி, 20இல் ஒரு பங்கான மா ஆகியன நாவிற் பதியும்வரை விடுதலையில்லை. தவறினாற் பிரம்படி. அத்திண்ணை எல்லாச் சாதியாருக்கும் திறந்திருக்கவுமில்லை. ஆயினும், சொல்லச் சொல்ல வரும் என்ற நம்பிக்கை அம்முறைக்கு அடிப்படையாயிருந்தது.

பின்னர் ஆங்கிலக் கல்வியும் எழுத்துப் பரீட்சையும் வந்தன. 1835இல் இந்தியாவில் அக்கல்விக்கு வழிகோலிய மெக்காலே, கேம்பிரிட்ஜிற் கவிதைக்குப் பதக்கம் பெற்றவர், கணிதத்தை வெறுத்தவர். அங்கே அந்நாளிற் சிறப்புத் தேர்ச்சிக்குக் கணிதமே பிரதான வழி. 1822இல் அவர் அதிற் தவறினார். எனினும் 1824இல் திரினிற்றிக் கல்லூரி அவரைத் தன் அறிஞர் குழுவிற் சேர்த்துக்கொண்டது.

அவர் வகுத்த பாதையிற் கற்ற கும்பகோணத்து இராமானுஜனின் கதை இதற்கு நேர்மாறானது. கணிதத்தில் இணையற்ற அவர் ஆங்கிலத்திற் தவறிக் கல்லூரி உதவிப்பணத்தை இழந்தார். 1907இலும் எஃப்.ஏ. பரீட்சையிற் சித்தியடையவில்லை. 1918இல் அதே திரினிற்றிக் கல்லூரி அவரையும் தன் அறிஞர் குழுவிற் சேர்த்தது. மெக்காலேக்கு இரண்டு ஆண்டில் திறந்த கதவு, இராமானுஜனுக்குத் திறக்கப் பதினொரு ஆண்டு சென்றது. எந்தக் குறை மன்னிக்கப்படும், எந்தக் குறை தண்டிக்கப்படும் என்பதைக் காலமும் இடமும் தீர்மானிக்கின்றன.

நமது நாட்டில் 1972ஆம் ஆண்டின் கல்விச் சீர்திருத்தம் கணிதத்தை ஆண், பெண் அனைவருக்கும் பொதுப்பாடமாக்கியது. ஆனாலும், "பிள்ளைக்குக் கணக்கு ஓடாது, கலைப்பிரிவில விடுங்கோ சேர்" என்ற குரல் ஓயவில்லை. இவ்வாறு அனுப்பப்படும் பிள்ளை என் தமிழ் வகுப்பிற் தலைகுனிந்தே அமர்கிறது. ஒரே வார்த்தையிற் கணக்கும் தமிழும் அவமதிக்கப்படுகின்றன.

அப்பிள்ளை அசை பிரித்து, சீர் எண்ணி, தளை பார்த்து வெண்பாவின் பிழையைக் கண்டுபிடிக்கிறது. அதற்கா கணக்கு வராது? தமிழ் வகுப்பு, கணக்குக்குத் தப்பியோடுவோரின் மடமன்று. திண்ணையின் பிரம்பு நமக்கு வேண்டாம். சொல்லச் சொல்ல வரும் என்ற அதன் நம்பிக்கையை மட்டும் மீட்டுக்கொள்வோம்.