நஞ்சு விழும்வரை

எங்கள் கொங்குப் பக்கத்தில் பசு கன்று போட்டதும் வீட்டுப் பெரியவர்களின் கவனம் கன்றின் மேல் இருக்காது. நஞ்சுக்கொடியின் மேல்தான் இருக்கும். அது விழுந்ததும் வைக்கோலில் பொதிந்து, பழஞ்சாக்கில் கட்டி ஆலமரக் கிளையில் தொங்கவிடுவார்கள். பால் வடியும் மரம், பசுவுக்கும் பால் பெருகும் என்பது கணக்கு. அதில் எனக்குச் சண்டையில்லை. நாய் இழுத்துப் போகாமலாவது இருக்கும். கால்நடை மருத்துவனாக நான் மல்லுக்கு நின்றதெல்லாம் இன்னொரு வழக்கத்தோடு. "நஞ்சு விழுகட்டுங்க டாக்டருங்க, அப்புறம் கன்னை ஊட்ட விடலாமுங்க" என்பார் வீட்டு ஆத்தா. நஞ்சு விழ அரைநாள்கூட ஆகும். அதுவரை கன்று வெறும் வயிற்றோடு மடியைப் பார்த்துக்கொண்டே நிற்கும்.

மனிதக் குழந்தைக்குத் தாயின் நோய் எதிர்ப்புச் சக்தியில் ஒரு பங்கு கருவிலேயே வந்துவிடும். கன்றுக்கு அந்த வழி கிடையாது, எல்லாம் சீம்பாலில்தான். அதையும் குடல் உள்ளே இழுத்துக்கொள்வது முதல் 24 மணி நேரம் மட்டுமே. அதிலும் நேரம் ஆக ஆகக் குறைந்துகொண்டே போகும். 1922-இல் அமெரிக்காவின் பிரின்ஸ்டனில் தியோபால்ட் ஸ்மித், ரால்ஃப் லிட்டில் என்ற இரு ஆய்வாளர்கள் சீம்பாலின் பங்கைச் சோதித்தார்கள். சீம்பால் கிடைக்காத கன்றுகளில் பெரும்பாலானவை சில நாளில் செத்தன. நம் வீடுகளில் அந்தச் சீம்பாலில் வெல்லமும் ஏலக்காயும் போட்டு அவித்து அக்கம்பக்கத்துக்குக் கொடுத்தனுப்பினோம். ருசியைப் பற்றி நான் குறை சொல்ல மாட்டேன்.

ஆனால் அதே கட்டுத்தறியில் ஒரு நல்லதும் யாரும் திட்டமிடாமல் நடந்தது. காங்கேயம் பசு கன்று முட்டாமல் பால் சுரக்காது. கன்று செத்தால் அதன் தோலில் வைக்கோல் அடைத்துப் பக்கத்தில் நிறுத்திக் கறந்தார்கள். ஆகவே உயிருள்ள கன்று எப்போதும் தாயருகே இருந்தது. தாய் அதை நக்கியது. அதுவும் தாயின் வாயை நக்கி, தாய் அசைபோட்டுச் சிந்திய வைக்கோலைக் கடித்தது. அசையூண் வயிற்றின் நுண்ணுயிர்கள் அப்படியே கைமாறின. நோய்ப்பட்ட மாட்டுக்கு நல்ல மாட்டின் அசைத்தீனியை எடுத்து ஊட்டும் வழக்கம் 18-ஆம் நூற்றாண்டு ஸ்வீடனிலேயே இருந்திருக்கிறது. 1948 வாக்கில் ஒஹாயோவில் பவுண்டனும் ஹிப்ஸும் பசுவின் அசைத்தீனியைக் கன்றுகளுக்குக் கொடுத்து, நுண்ணுயிர்கள் குடியேறுவதை நுண்ணோக்கியில் பார்த்தார்கள்.

கலப்பினப் பசு வந்தபோது கணக்கு மாறியது. கன்று இல்லாமலே மடியில் கை வைத்தால் பால் வரும். பால் சொசைட்டிக்கு ஊற்றும் ஒவ்வொரு லிட்டருக்கும் காசு. கன்று, அதுவும் காளைக்கன்று, பாலுக்குப் போட்டியாளன் ஆனது. தனியே கட்டினார்கள், அரைவயிறு ஊட்டினார்கள், விற்றார்கள்.

இதே கதை பிரிட்டனில் முன்பே பெரிய அளவில் அரங்கேறிவிட்டது. பிறந்து சில நாளே ஆன கன்றுகளை வியாபாரிகள் பல பண்ணைகளில் வாங்கி, ஒரே கொட்டிலில் கலந்து, லாரியில் தூர மாவட்டங்களுக்கு அனுப்பினார்கள். பசி, பயணம், அந்நியக் கிருமி. கழிச்சல் வராமல் என்ன செய்யும்? வருமுன்னே ஆன்டிபயாடிக் கொடுத்தார்கள். 1960-களின் நடுவில் லண்டன் காலிண்டேல் ஆய்வகத்தின் இ.எஸ். ஆண்டர்சன், அந்தக் கன்றுகளிடமிருந்து பல மருந்துகளுக்கும் அசையாத சால்மோனெல்லா மனிதருக்குத் தொற்றுவதைத் துப்புத் துலக்கினார். அவர் போட்ட கூச்சலும் சேர்ந்துதான் 1969-இல் பிரிட்டனின் ஸ்வான் குழு அறிக்கைக்கு வழி பிறந்தது. மனிதருக்கான மருந்தை வளர்ச்சிக்காகத் தீவனத்தில் கலக்காதே என்றது அது. ஐரோப்பிய ஒன்றியம் வளர்ச்சிக்கான ஆன்டிபயாடிக்குகளை முழுதாக நிறுத்தியது 2006-இல்தான். இந்தியா உணவுக்கான கால்நடைகளில் கொலிஸ்டின் என்ற ஆன்டிபயாடிக்கைத் தடை செய்தது 2019-இல். மெதுவாகத்தான் நகர்ந்தார்கள் எல்லாரும்.

ஆன்டிபயாடிக் விலகத் தொடங்கிய அந்த இடைவெளியில்தான் நல்ல நுண்ணுயிர்ப் பொட்டலத்துக்குச் சந்தை பிறந்தது. பல்கேரியத் தயிரின் பாக்டீரியாவைப் புகழ்ந்து 1907-இல் விஞ்ஞானி மெச்னிகோவ் எழுதியது மனித ஆயுளைப் பற்றி. 1989-இல் ராய் ஃபுல்லர் 'புரோபயாடிக்' என்பதற்கு இலக்கணம் எழுதியபோதோ, அவர் மனதில் இருந்தது கால்நடைத் தீவனம். லாக்டோபேசில்லஸ், என்டரோகாக்கஸ், பேசில்லஸ், ஈஸ்ட் ஆகியவைதான் பொட்டலத்தில் இருப்பவை. அவற்றில் சில குடலில் முந்தி இடம்பிடித்து, சில அமிலம் சுரந்து ஈ.கோலைக்கு இடம் கொடுக்காமல் பார்க்கும். பந்தியில் முந்தினவனுக்குத்தானே இலை! பயணப்பட்ட, கூட்டத்தில் அடைபட்ட கன்றுகளில் இதன் பலன் தெரிகிறது. தாயோடு திரியும் நல்ல கன்றில் வித்தியாசம் காண்பது கடினம். என் பார்வையில் இந்தப் பொட்டலம், கன்றைத் தாயிடமிருந்து பிரித்துக் கட்டியதற்கு நாம் கட்டும் அபராதம்.

இன்று எங்கள் ஊர் மருந்துக்கடையிலும் அந்தப் பொட்டலம் கிடைக்கிறது. கேட்பவர்களிடம் நான் சொல்வது: காலாவதித் தேதி பாருங்கள், கொதிக்கிற பாலில் போட்டால் உயிர் போய்விடும், ஆன்டிபயாடிக்கோடு சேர்த்து ஊட்டாதீர்கள். கழிச்சலில் கன்றின் கண் குழி விழுந்திருந்தால் பொட்டலத்தைத் தேட வேண்டாம், முதலில் உப்பும் குளுக்கோஸும் கரைத்த நீர், பிறகு டாக்டர். கன்று போட்ட அன்றைக்கோ, 30 கிலோ கன்றுக்கு 3 லிட்டர் சீம்பால். நஞ்சு விழுந்தாலும் விழாவிட்டாலும்.