பிந்தியது யார்?

1996ஆம் ஆண்டு ஜூன் மாதம். கல்முனையில் ஓர் ஆங்கில வகுப்பு. காலை ஏழு மணிக்குத் தொடங்க வேண்டிய சோதனைக்கு மருதமுனை நண்பன் ஏழரைக்கு வந்து வாசலில் நின்றான். ஆசிரியர் கரும்பலகையில் 'ரன்னிங் லேட்' என்று எழுதினார். நாங்கள் சிரித்தோம். ஓடுகிறவன் எப்படிப் பிந்துவான்?

இங்கே ஓடுவது கால் அல்ல. குறித்த நேரத்திற்கு ஓட வேண்டிய ரயிலைப் போல மனிதனை எண்ணிச் சொல்வது அது. நம் பேச்சிலும் மணிக்கூடு ஓடும், ரயில் ஓடும். மனிதர் மட்டும் சுணங்குவர். அந்த ஓட்டத்திற்கு ஒரு வரலாறு உண்டு. இங்கிலாந்தில் ஊருக்கொரு நேரம் இருந்தது. 1840இல் கிரேட் வெஸ்டர்ன் ரயில் கம்பனி தன் பாதை முழுவதிலும் லண்டன் நேரத்தையே வைத்தது. இலங்கையோ 1906இல் கிரீனிச்சுக்கு ஐந்தரை மணி முந்திய நேரத்தை ஏற்றது. அது கிழக்கு நெடுங்கோடு 82½ பாகைக்குரிய நேரம். கல்முனைச் சூரியனுக்கும் அதற்கும் மூன்று நிமிடமளவே வித்தியாசம். கொழும்பைவிட எங்கள் கரைக்கே அது பொருந்தும்! நோன்பு காலத்தில் கொழும்பின் மஃரிப் பாங்கு வானொலியில் கேட்குமுன் இங்கே நோன்பு திறந்தாயிற்று என்பதை நேயர்கள் அறிவீர்கள்.

1996இல் வரட்சியால் நீர்மின்சாரம் குன்றியது. மே 25ஆம் திகதி அரசு மணிக்கூட்டை ஒரு மணித்தியாலம் முன்தள்ளியது. புலிகளின் கட்டுப்பாட்டுப் பகுதிகளில் பழைய நேரமே நடந்தது. அழைப்பிதழிலும் 'பழைய நேரம்', 'புதிய நேரம்' என்று விளக்க வேண்டிய காலம் அது. பள்ளிவாசலின் வக்தோ சூரியனை விட்டு அசையவில்லை. நண்பன் சுபஹ் தொழுது, ஓதி முடித்து, வழமைபோல் புறப்பட்டு வந்தவன்.

"சேர், நான் வக்துக்குத்தான் எழும்பினேன். மணிக்கூடுதான் முந்திட்டு" என்றான்.

அது குறும்பு என்று ஆசிரியர் எடுத்துக்கொண்டார். சோதனை முடியும்வரை அவன் வெளியே நின்றான். முதல் வரிசையில் இருந்த நான் வாய் திறக்கவில்லை. வக்து தப்பிய தொழுகையைப் பின்னர் நிறைவேற்றுவதற்குக் 'களா' என்று ஒரு சொல்லே அவர்களிடம் உண்டு. அவனுடைய சோதனைக்குக் களா இருக்கவில்லை.

ஒக்டோபர் 26ஆம் திகதி அரை மணித்தியாலம் குறைத்தார்கள். மிச்ச அரை மணித்தியாலம் போக 2006 ஏப்ரல் 15 வரை காத்திருக்க நேர்ந்தது. காரைதீவில் எங்கள் அம்மம்மா தன் சுவர் மணிக்கூட்டைத் திருப்ப இந்தப் பத்து ஆண்டுகளும் யாரையும் விடவில்லை. பார்க்கும்போதெல்லாம் நாங்கள்தான் கூட்டிக்கொள்வோம். அன்று காலை வானொலியில் நேரம் சொன்னார்கள். நிமிர்ந்து பார்த்தேன். சரியாக இருந்தது.