கட்டம் போட்ட தாளிலிருந்து எக்ஸெல் வரை: கணினி நம் வேலையைக் குறைத்ததா?

கணினி வந்தால் வேலை குறையும் என்று எல்லோரும் சொன்னார்கள். உண்மையில் குறைந்ததா? இதற்குப் பதில் தேட நல்ல உதாரணம், நம்மில் பலர் தினமும் திறந்து மூடும் எக்ஸெல். விடுதி மெஸ் கணக்கு, ஆய்வக அளவீடுகள், மதிப்பெண் பட்டியல் எல்லாம் அதற்குள்தான் இருக்கின்றன. ஸ்ப்ரெட்ஷீட், அதாவது விரிதாள் என்ற இந்த வகை மென்பொருளின் வரலாற்றைப் பார்த்தாலே பாதி விடை கிடைத்துவிடும்.

விரிதாள் என்பது கணினித் துறை உருவாக்கிய பெயர் அல்ல. கணக்கர்கள் மேசை மேல் விரித்துப் போட்டு எழுதிய, குறுக்கும் நெடுக்கும் கோடு போட்ட பெரிய தாளுக்கே முதலில் அந்தப் பெயர். அதில் ஒரு பெரிய தொல்லை உண்டு. மேலே ஒரு எண் மாறினால், அதைச் சார்ந்த எல்லா எண்களையும் அழித்துவிட்டு மறுபடி எழுத வேண்டும்.

1978ஆம் ஆண்டு ஹார்வர்ட் வணிகப் பள்ளியில் எம்.பி.ஏ. படித்துக்கொண்டிருந்த டான் பிரிக்லின் என்ற மாணவர், இதே தொல்லையை வகுப்பறைக் கரும்பலகையில் பார்த்தார். பேராசிரியர் போட்ட அட்டவணையில் ஒரு எண் மாறியதும், அதைச் சார்ந்த எண்களை ஒவ்வொன்றாக அழித்துத் திருத்த வேண்டியிருந்தது. பிரிக்லின் அதற்கு முன் டிஜிட்டல் எக்விப்மென்ட் என்ற கணினி நிறுவனத்தில் சொற்செயலி உருவாக்கியவர். எழுத்தைத் திருத்தினால் மீதி வரிகள் தானாக நகர்ந்துகொள்வது போல, எண்ணைத் திருத்தினால் மீதி எண்கள் ஏன் தானாக மாறக்கூடாது என்று அவருக்குத் தோன்றியது.

முதல் மாதிரியை அவரே செய்தார். விற்பனைக்கான நிரலை எழுதியவர் அவருடைய நண்பர் பாப் ஃபிராங்ஸ்டன். கணினி நேரத்தை வாடகைக்கு எடுக்க வேண்டிய காலம் அது. இரவில் கட்டணம் குறைவு என்பதால் ஃபிராங்ஸ்டன் பெரும்பாலும் இரவில் வேலை செய்தார். 1979 ஜனவரியில் இருவரும் சாஃப்ட்வேர் ஆர்ட்ஸ் என்ற நிறுவனத்தைத் தொடங்கினார்கள். அதே ஆண்டின் இறுதிக்குள் ஆப்பிள் II கணினிக்கான விசிகால்க் கடைகளுக்கு வந்தது. 63 பத்திகள், 254 வரிசைகள். முழு நிரலும் 30 கிலோபைட்டுக்குள் அடங்கிவிட்டது! இன்று நாம் செல்பேசியில் எடுக்கும் ஒரு புகைப்படம் அதைவிடப் பல மடங்கு பெரியது.

அதுவரை வீட்டுக் கணினியைப் பொழுதுபோக்குக்காரர்களின் விளையாட்டுப் பொருளாகத்தான் பலரும் பார்த்தார்கள். விசிகால்க் வந்த பிறகு, ஏறத்தாழ நூறு டாலர் விலையுள்ள ஒரு மென்பொருளுக்காக இரண்டாயிரம் டாலருக்கும் மேல் செலவழித்துக் கணினி வாங்க வியாபாரிகள் கடைக்கு வந்தார்கள்.

ஆனால் அதை உருவாக்கியவர்கள் நெடுநாள் கோலோச்சவில்லை. அக்காலத்தில் மென்பொருளுக்குக் காப்புரிமை பெறுவது அரிது. விசிகால்க்குக்கும் பெறவில்லை. அதை விற்ற நிறுவனத்தில் முன்பு வேலை பார்த்த மிட்ச் கபோர், 1983 ஜனவரியில் ஐபிஎம் பிசிக்காக லோட்டஸ் 1-2-3ஐ வெளியிட்டார். முதல் ஆண்டிலேயே லோட்டஸ் நிறுவனத்தின் விற்பனை 5 கோடி டாலரைத் தாண்டியது. இந்தப் பக்கம் விசிகால்க்கை எழுதியவர்களும் விற்றவர்களும் நீதிமன்றத்தில் மோதிக்கொண்டிருந்தார்கள். 1985இல் சாஃப்ட்வேர் ஆர்ட்ஸை லோட்டஸே வாங்கி, விசிகால்க் விற்பனையை நிறுத்தியது. அதே 1985இல் மெக்கின்டாஷுக்கும், 1987இல் விண்டோஸுக்கும் மைக்ரோசாஃப்ட்டின் எக்ஸெல் வந்தது.

சரி, வேலை குறைந்ததா? அமெரிக்காவின் 'பிளானட் மணி' வானொலி நிகழ்ச்சி 2015இல் ஒரு கணக்கைச் சொன்னது. 1980க்குப் பிறகு அங்கே கணக்கு எழுதும் குமாஸ்தா வேலைகள் சுமார் 4 லட்சம் குறைந்தன. ஆனால் கணக்காளர் வேலைகள் சுமார் 6 லட்சம் கூடின. காரணம் எளிது. முன்பு ஒரு திட்டத்துக்கு ஒரு கணக்குப் போடவே நாள்கணக்கில் ஆகும். இப்போது "விலையை ஐந்து சதவீதம் ஏற்றினால்? வட்டி குறைந்தால்?" என்று வாடிக்கையாளர் கேட்டுக்கொண்டே இருக்கலாம். கேள்வி கேட்கும் செலவு குறைந்ததால் கேள்விகள் பெருகின.

இருந்தாலும், இத்தனை கணினிகள் வந்தும் உற்பத்தித்திறன் புள்ளிவிவரத்தில் அது தெரியவில்லையே என்று பொருளாதார நிபுணர் ராபர்ட் சோலோ 1987இல் கிண்டல் செய்தார். இதற்கு ஸ்டான்ஃபோர்டு வரலாற்றாசிரியர் பால் டேவிட் 1990இல் ஒரு விளக்கம் தந்தார். எடிசனின் நியூயார்க் மின்நிலையம் 1882இல் இயங்கத் தொடங்கியது. ஆனால் அமெரிக்கத் தொழிற்சாலைகள் அதன் முழுப் பலனை அடைந்தது 1920களில்தான். முதலில் நீராவி எந்திரத்தை எடுத்துவிட்டு அதே இடத்தில் ஒரு பெரிய மோட்டாரை வைத்தார்கள். பழைய வார்ப்பட்டைகளும் தண்டுகளும் அப்படியே இருந்தன. ஒவ்வொரு இயந்திரத்துக்கும் தனி மோட்டார் வைத்து, வேலை நடக்கும் வரிசைப்படி தொழிற்சாலையையே மாற்றி அமைத்த பிறகுதான் உற்பத்தி எகிறியது. கணினியும் அப்படித்தான் என்றார் டேவிட். பழைய முறையை அப்படியே வைத்துக்கொண்டு கருவியை மட்டும் மாற்றினால் பெரிய பலன் இல்லை.

இதில் ஒரு ஆபத்தும் இருக்கிறது. விரிதாளில் தவறும் வேகமாகப் பரவும். கடன் அதிகமுள்ள நாடுகள் வளர்வதில்லை என்று ரைன்ஹார்ட், ரோகாஃப் என்ற பொருளாதார நிபுணர்கள் இருவரும் 2010இல் ஒரு கட்டுரை எழுதினார்கள். அரசுகள் செலவைக் குறைக்க வேண்டும் என்று வாதிட்டவர்கள் பலர் அதை மேற்கோள் காட்டினார்கள். 2013இல் மாசசூசெட்ஸ் பல்கலைக்கழக மாணவர் தாமஸ் ஹெர்ன்டன், வகுப்புப் பயிற்சிக்காக அந்தக் கணக்கைத் திரும்பப் போட்டபோது விடை ஒத்துவரவில்லை. ஆசிரியர்களிடமே எக்ஸெல் கோப்பைக் கேட்டு வாங்கிப் பார்த்தார். சராசரி எடுக்கும் சூத்திரம் 49ஆம் வரிசை வரை போகாமல் 44இலேயே நின்றிருந்தது. ஐந்து நாடுகள் விட்டுப்போயிருந்தன! தரவுத் தேர்விலும் சராசரி எடுத்த முறையிலும் இருந்த குறைகளையும் சேர்த்துத் திருத்தியபோது, அதிகக் கடன் நாடுகளின் சராசரி வளர்ச்சி -0.1 சதவீதம் அல்ல, 2.2 சதவீதம் என்று வந்தது. சூத்திரத் தவறை ஆசிரியர்கள் ஒப்புக்கொண்டார்கள். ஆனால் அடிப்படை முடிவு மாறவில்லை என்றே வாதிட்டார்கள்.

2020 அக்டோபரில் இங்கிலாந்தில் 15,841 கொரோனா நோயாளிகள் தினசரிக் கணக்கில் விட்டுப்போனதற்கும், 65,536 வரிசைகளுக்கு மேல் தாங்காத பழைய எக்ஸெல் கோப்பு வடிவம்தான் காரணம். அவர்களோடு தொடர்பில் இருந்தவர்களை எச்சரிப்பதும் அதனால் தாமதமானது.

ஆக, கணினி நம் வேலையைக் குறைக்கவில்லை, அதன் தன்மையை மாற்றிவிட்டது என்பதே என் கருத்து. கூட்டுவது இயந்திரத்தின் வேலை. எதைக் கூட்டுவது, சரியாகக் கூட்டியதா என்று பார்ப்பது நம் வேலை. குறுக்குவிசைகளை மனப்பாடம் செய்வதால் சில நிமிடங்கள் மிச்சமாகலாம், நல்லதுதான். ஆனால் அடுத்த புராஜெக்ட் அறிக்கையைக் கொடுக்கும் முன், அந்தச் சராசரிக் கட்டத்தைச் சொடுக்கி, சூத்திரம் கடைசி வரிசை வரை போகிறதா என்று பார்த்துவிடுங்கள். ஹெர்ன்டன் செய்ததும் கிட்டத்தட்ட அதைத்தான்.