பர்கண்டி: ஒரு கிழவரும் ஒரு வாலிபனும்

புனேயில் நாங்கள் நாலைந்து தமிழ்க் குடும்பங்கள் மாதம் ஒரு தடவை யார் வீட்டிலாவது கூடிச் சாப்பிடுவது வழக்கம். போன மாதம், ஆபீஸ் வேலையாக லியோனில் மூன்று மாதம் இருந்துவிட்டு வந்த நண்பர் வீட்டில். விமானத்தில் வரும்போது இரண்டு லிட்டர் வரை தீர்வை கிடையாது என்பது நம் எல்லோருக்கும் மனப்பாடம்தானே! முக்கால் லிட்டர் பாட்டில் இரண்டு கொண்டு வந்திருந்தார். இரண்டுமே பர்கண்டி சிவப்பு வைன். ஒன்று 2019-ம் வருஷத்து ஜெவ்ரே ஷாம்பெர்த்தான். மற்றது 2002-ம் வருஷத்து வோல்நே.

மனிதருக்கு ஒரே கவலை. கிழ பாட்டிலை இங்கே கோடை முழுக்க ஃபிரிட்ஜில் கறிகாய்த் தட்டில் படுக்க வைத்திருந்தார். "இத்தனை வருஷம் அங்கே பாதாள அறையில் பத்திரமாக இருந்ததை நான் ரெண்டு மாசத்தில் கெடுத்துத் தொலைச்சிருந்தா?" என்று புலம்பிக்கொண்டே இருந்தார். பாட்டிலைத் திறக்கப் பயந்து, முதலில் சரித்திரத்தைத் திறந்தார்.

பர்கண்டியில் கோத் தோர் என்று ஒரு நீண்ட சரிவு. ஏறத்தாழ 50 கிலோமீட்டர். சுண்ணாம்புக் கல்லும் களியும் கலந்த மண். அங்கே சிவப்பு வைனுக்குப் பெரும்பாலும் ஒரே திராட்சைதான், பினோ நுவார். செடி ஒன்றாக இருந்தும் பத்தடி தள்ளினால் ருசி மாறுகிறது என்று முதலில் பொறுமையாகக் கவனித்தவர்கள் துறவிகள். 1098-ல் சீத்தோவில் தொடங்கிய சிஸ்டெர்சிய மடத்தார், வூஜோ என்ற ஊரில் தானமாகவும் விலைக்கும் நிலம் சேர்த்து, சுற்றிலும் மதில் எழுப்பினார்கள். சுமார் 50 ஹெக்டேர், அதாவது நம் கணக்கில் 125 ஏக்கர் சொச்சம். அதுதான் க்ளோ த வூஜோ.

அடுத்து வருகிறார் பர்கண்டிக் கோமகன், துணிவுள்ள பிலிப். கொள்ளை நோயில் ஊர்கள் காலியாகி ஆள் கிடைக்காத காலம். கமே என்ற வேறு திராட்சை சீக்கிரம் பழுக்கும், குடம் குடமாகச் சாறு தரும். ஜனங்கள் அதை நட ஆரம்பித்தார்கள். பிலிப்புக்குப் பொறுக்கவில்லை. 1395-ல் கமேயைப் பொல்லாத செடி, விசுவாசமில்லாத செடி என்று திட்டி, வெட்டி எறியச் சொல்லி ஆணை போட்டார். எருப் போடவும் தடை! பாவம் குடியானவர்கள். கமே தெற்கே போஜொலேயில் போய் நன்றாகப் பிழைத்துக்கொண்டது, அது வேறு கதை.

1789-ல் புரட்சி. மடத்துச் சொத்தெல்லாம் தேசத்துக்கு என்றார்கள், பிறகு ஏலம் விட்டார்கள். 1804-ல் நெப்போலியன் சட்டம்: அப்பன் சொத்து பிள்ளைகள் எல்லோருக்கும் சமபங்கு. நியாயமான சட்டம்தான். ஆனால் தோட்டங்கள் தலைமுறைக்குத் தலைமுறை நறுங்கிக்கொண்டே போய், ஒரு குடும்பத்துக்கு இங்கே நாலு வரிசை, அங்கே ஆறு வரிசை என்றாயிற்று. க்ளோ த வூஜோ மட்டும் 1889 வரை ஒரே சொத்தாகத் தாக்குப் பிடித்தது. அந்த வருஷம் அதுவும் துண்டாக விற்றுப் போனது. இன்று அந்த மதிலுக்குள் 80 சொந்தக்காரர்கள்! பெயர் ஒன்று, வைன் எண்பது தினுசு. அதனால்தான் பர்கண்டி வாங்கும்போது ஊர் பெயரை மட்டும் பார்த்தால் போதாது, செய்தவர் பெயரையும் பார்க்க வேண்டும். இப்படி எல்லை வகுத்துப் பெயர் வைத்த துண்டுகள் 1,247 இருக்கின்றன. 2015-ல் யுனெஸ்கோ அவற்றை உலகப் பாரம்பரியச் சின்னமாக அறிவித்தது.

பாகப்பிரிவினை பேச்சு வந்ததும் எங்களில் ஒருவர் பேச்சை நிறுத்திவிட்டார். ஊரில் தன் பங்கு நிலத்தை விற்றுக் கையெழுத்துப் போட்டுவிட்டுப் போன வாரம்தான் திரும்பியிருந்தார். "எங்க வயலுக்கும் துண்டுக்குத் துண்டு பேர் உண்டு. இனிமே அந்தப் பேரை யார் சொல்லப் போறா?" என்றார். யாருக்கும் பதில் தெரியவில்லை.

சரி, பாட்டிலுக்கு வருவோம். முதலில் வாலிபன். நல்ல மாணிக்கச் சிவப்பு. செர்ரிப் பழ வாசனை, நாக்கில் கொஞ்சம் துவர்ப்பு, பாக்கு மென்ற மாதிரி. உற்சாகமான பையன், ஆனால் பேசிக்கொண்டே இருக்கிறான்.

பிறகு கிழவர். நண்பர் கை நடுங்க மெதுவாகச் சாய்த்தார், அடியில் வண்டல் இருக்கும் என்பதால். தோலிலிருந்தும் விதையிலிருந்தும் வந்த துவர்ப்புச் சத்தும் நிறமும் வருஷக்கணக்கில் ஒன்றோடொன்று சேர்ந்து கனத்துப் படிவதுதான் அந்த வண்டல். அதனால்தான் நிறம் வெளிறிச் செங்கல் பொடி மாதிரி இருந்தது, துவர்ப்பும் அடங்கியிருந்தது. மழை பெய்த மறுநாள் சருகு வாசனை, காளான் வாசனை, கடைசியில் லேசான புளிப்பு. கெடவில்லை! நண்பர் முகத்தைப் பார்க்க வேண்டுமே. காரம் இந்த வைனைக் கொன்றுவிடும் என்று அவர் மனைவி மிளகாயே போடாமல் காளான் புலாவ் செய்திருந்தார். அன்றைக்கு அதுவும் பொருந்திப் போயிற்று.

ஆனால் அரை மணிதான். காற்றுப் பட்டதும் கிழவர் சோர்ந்துவிட்டார். டிராபிக்கில் மாட்டிக்கொண்டு தாமதமாக வந்த ஜோடிக்குக் கிடைத்தது வெறும் புளிப்புத் தண்ணீர். வாலிபன் மட்டும் கடைசி வரை அப்படியே இருந்தான்.

நிலம் விற்ற நண்பர் கிழவரைத்தான் இரண்டாம் தடவை கேட்டு வாங்கிக் குடித்தார்.

பி.கு: உங்கள் வயலுக்கோ தோப்புக்கோ பெயர் இருந்தால் இன்றைக்கே பிள்ளைகளுக்குச் சொல்லி வையுங்கள். நான் என் பெண்ணுக்குச் சொல்லிவிட்டேன்.