பல்லில் அடைத்த பாதரசம்



தைப்பூசத்திற்குத் தண்ணீர்மலை ஏறி முருகனைத் தொழுது வரும் தோட்டத்து மக்களுக்கு ஜார்ஜ் டவுன் நகரம் புதிதல்ல. அந்த நகரில்தான் 1949ஆம் ஆண்டில் பல் தாதியர் பயிற்சிப் பள்ளி ஒன்று தொடங்கப்பட்டது. நியூசிலாந்து 1921இல் காட்டிய வழியைப் பின்பற்றி எழுந்த பள்ளி அது. அங்கே பயின்ற தாதியர் பள்ளிப் பிள்ளைகளின் சொத்தைப் பற்களைச் சுத்தம் செய்து அடைத்தார்கள். நம்மில் பலர் வாயில் இன்றும் இருக்கும் 'வெள்ளி' அப்படி வந்ததுதான்.

அந்த வெள்ளியில் ஏறக்குறைய பாதி பாதரசம். மீதி வெள்ளி, ஈயத்தைப் போன்ற வெள்ளீயம், செம்பு ஆகியவை. இதைக் கேட்டவுடன் சிலருக்கு அச்சம் பிறக்கிறது. "தலைவலி, அசதி, மறதி எல்லாம் பல் அடைத்த பிறகுதான் வந்தது" என்று தாய்மார்கள் எங்களிடம் சொல்வதுண்டு. அந்த அச்சம் நியாயமானதா? வரலாற்றைச் சற்றுப் புரட்டிப் பார்ப்போம்.

1833இல் குரோக்கர் என்னும் சகோதரர்கள் ஐரோப்பாவிலிருந்து நியூயார்க்குக்கு இந்தக் கலவையைக் கொண்டு சென்றனர். தங்கத்தால் பல் அடைத்து வந்த மருத்துவர்கள் கொதித்தெழுந்தனர். 1845இல் அமெரிக்கப் பல் மருத்துவர் சங்கம், பாதரசக் கலவையைத் தொடமாட்டோம் என்று உறுப்பினர்களிடம் உறுதிமொழி கேட்டது. இந்தச் சண்டையிலேயே வலுவிழந்து 1856இல் சங்கம் கலைந்தது. மலிவான அடைப்பு நிலைத்தது; ஏழைகளின் பல்லும் பிழைத்தது.

1926இல் ஆல்பிரட் ஸ்டாக் என்ற ஜெர்மானிய வேதியியல் அறிஞர் மீண்டும் எச்சரித்தார். ஆய்வுக்கூடத்தில் பாதரச ஆவியைப் பல ஆண்டுகள் சுவாசித்துத் தலைவலியாலும் மறதியாலும் அவதிப்பட்டவர் அவர். பல் அடைப்பிலிருந்தும் ஆவி வெளிவரும் என்றார். அது உண்மையே, மெல்லும்போது மிகச் சிறிதளவு வெளிவருகிறது. அந்தச் சிறிதளவு நோய் தருமா என்பதே கேள்வி.

அமெரிக்காவிலும் போர்த்துக்கலிலும் ஏறத்தாழ ஆயிரம் பிள்ளைகளைப் பல ஆண்டுகள் கவனித்து, 2006இல் முடிவை வெளியிட்டார்கள். பாதரச அடைப்புப் பெற்றவர்களுக்கும் வேறு அடைப்புப் பெற்றவர்களுக்கும் அறிவுத்திறனிலோ நினைவாற்றலிலோ வேறுபாடு தெரியவில்லை. தங்கள் நோய்க்கு அடைப்பே காரணம் என்று நம்பிய 90 பேரை வைத்து ஜெர்மனியில் செய்த ஆய்வு 2008இல் வெளியாயிற்று. அடைப்பை எடுத்தவர்களுக்கும் குணம் தெரிந்தது. எடுக்காமல் நல்ல உணவு, உடற்பயிற்சி, மன அமைதி என்று வாழப் பழகியவர்களுக்கும் அதே அளவு குணம் தெரிந்தது.

ஆகவே நோயாளி பொய் சொல்கிறார் என்பதல்ல. வலி மெய், காரணம்தான் வேறாக இருக்கலாம். இரத்தச் சோகையும் நீரிழிவும் கூட அசதியைத் தரும். பல்லைக் குற்றம் சொல்லிக்கொண்டிருந்தால் உண்மையான நோய் உள்ளே வளரும். சிலருக்கு மட்டும் அடைப்பைத் தொடும் இடத்தில் வாய்ப்புண் வருவதுண்டு. அவர்கள் மருத்துவரிடம் காட்ட வேண்டும்.

ஆனால் பாதரசம் விளையாட்டுப் பொருளல்ல. ஜப்பானில் மினமாட்டா கடலில் கலந்த பாதரசக் கழிவு மீன் வழியாக மனிதரைக் கொன்றதும் முடமாக்கியதும் 1956 முதல் உலகறிந்த சோகம். அந்த ஊர்ப் பெயரால் 2013இல் உலக நாடுகள் ஓர் உடன்படிக்கை செய்தன. 15 வயதுக்குட்பட்டோர், கர்ப்பிணிகள், பாலூட்டும் தாய்மார் ஆகியோருக்குப் பாதரச அடைப்பைத் தவிர்க்க 2022இல் அதில் முடிவாயிற்று. பினாங்குப் பயனீட்டாளர் சங்கமும் இந்த அடைப்பைக் கைவிட வேண்டும் என்று குரல் கொடுத்து வந்துள்ளது.

நாம் செய்ய வேண்டியது என்ன? நன்றாக இருக்கும் பழைய அடைப்பைப் பயந்து பெயர்க்க வேண்டாம். குடையும்போதுதான் ஆவி அதிகம் எழும். உரிமம் இல்லாதவரிடம் பல்லைக் கொடுக்கவே வேண்டாம். பிள்ளைக்குப் புதிதாக அடைக்கும்போது, "பாதரசம் இல்லாத அடைப்பு உண்டா?" என்று கேளுங்கள். கேட்பதற்கு நமக்கு உரிமை உண்டு. எல்லாவற்றுக்கும் மேலாக, இரவில் பல் துலக்கிப் படுக்கவையுங்கள். சொத்தையே வராத பல்லுக்கு எந்த அடைப்பும் தேவையில்லை.