வெள்ளையடிப்பு: விற்பனைக்கான வீட்டின் முகமும் நிறமும்

விற்கப்போகிற வீட்டுக்கு வெள்ளையடிப்பது எல்லா ஊரிலும் உள்ள வழக்கம்தான். சந்தைக்கு ஓட்டிப்போகிற மாட்டைக் குளிப்பாட்டி, கொம்பு சீவி, வண்ணம் பூசுகிற மாதிரி. அமெரிக்காவில் இது ஒரு தனித்தொழில், தனிச் சொல்லாடல். தெருவோரம் காரை நிறுத்திப் பார்க்கிறவன் கண்ணுக்கு வீடு எப்படிப் படுகிறது என்பதற்கு 'கர்ப் அப்பீல்' என்று பேர் வைத்திருக்கிறார்கள். முன்கதவுக்குப் புதுப் பெயிண்ட், ஒட்ட வெட்டிய புல், வாசலில் பூத்தொட்டி. ரசனை சமாச்சாரம் என்று விட்டுவிடலாம்தான். ஆனால் அந்த வாசலில் நிற்கிறவரின் தோலும் வீட்டுத் தோற்றத்தில் சேர்த்தி என்று அங்கே அரசாங்கமே ஒரு காலத்தில் எழுதி வைத்திருந்தது.

முதலில் புல். 1870இல் ஃபிராங்க் ஜே. ஸ்காட் என்பவர் புறநகர் மனைகளை அழகுபடுத்துவது பற்றி ஒரு தடித்த புத்தகம் போட்டார். வீட்டு முன்புறத்தை வேலிபோட்டு அண்டை வீட்டாரிடமிருந்து மறைப்பது கிறிஸ்தவப் பண்பு ஆகாது என்பது அவர் கட்சி. மழித்த புல்தரை தெருவைப் பார்த்துத் திறந்து கிடக்க வேண்டும். தமிழில் அகம் என்றாலே வீடு. இவர்களுக்குப் புறம்தான் வீடு. நம் முற்றம் நமக்கு; அவர்கள் புல்தரை பார்க்கிறவனுக்கு.

பார்க்கிறவன் யார் என்பது 1934இல் சட்டமாயிற்று. பொருளாதாரப் பெருமந்தத்தில் கட்டட வேலை படுத்துக் கிடந்தது. ரூஸ்வெல்ட் அரசு தேசிய வீட்டுவசதிச் சட்டம் கொண்டுவந்து, எஃப்.எச்.ஏ. என்ற வீட்டுவசதி நிர்வாகத்தை உருவாக்கியது. சட்டத்தின் முதல் பகுதி, பழைய வீட்டைச் செப்பனிட 2,000 டாலர் வரை வங்கிக்கடன் வாங்கினால் அதற்கு அரசு ஈடு நிற்கும் என்றது. கூரை மாற்று, பெயிண்ட் அடி, நாட்டுக்கு வேலை கொடு. இரண்டாம் பகுதி, வீடு வாங்குகிற அடமானக் கடனுக்கு ஈடு. இரண்டையும் சேர்த்துத்தான் வாசிக்க வேண்டும். பெயிண்டுக்குக் காசு கொடுத்த அதே கைதான் அந்தப் பெயிண்டுக்கு யாருடைய தெருவில் மதிப்பு உண்டு என்றும் தீர்மானித்தது. 1938ஆம் ஆண்டு மதிப்பீட்டுக் கையேட்டில், ஒரு குடியிருப்பின் விலையைக் கெடுக்கும் சங்கதிகளாகக் கடைகளும் தொழிற்சாலைகளும் நுழைவது, கீழ்வர்க்கத்தார் குடியேறுவது, 'ஒத்துப்போகாத' இனத்தவர் ஊடுருவுவது எல்லாம் ஒரே வரிசையில் வருகின்றன. புகை, சத்தம், கறுப்பு மனிதன். ஒரே பட்டியல்.

இந்தப் பட்டியல் கட்டடமாகவே நிற்கிற இடம் டெட்ராய்ட். நகரின் வடக்கு ஓரம், எட்டாம் மைல் சாலைக்குப் பக்கத்தில் கறுப்பர் குடியிருப்பு. அதை ஒட்டி வெள்ளையருக்கு வீடு கட்டி விற்க ஒரு நிறுவனம் கிளம்பியது. கறுப்பர்களுக்கு இவ்வளவு கிட்டத்தில் என்றால் எஃப்.எச்.ஏ. ஈடு தராது. 1941இல் நிறுவனம் ஒரு காரியம் செய்தது. இரண்டு குடியிருப்புகளுக்கும் நடுவில் ஆறடி உயரத்தில் அரை மைல் நீளத்துக்குக் கான்கிரீட் சுவர் எழுப்பியது. ஈடு கிடைத்துவிட்டது. வீட்டை விற்பதற்காகச் செய்த வெளிப்புற மேம்பாடு என்றால் அந்தச் சுவர்தான் அசல் மேம்பாடு! மற்றதெல்லாம் பூத்தொட்டி. உத்தப்புரம் சுவரை அறிந்தவர்களுக்கு இதற்குமேல் விளக்கம் வேண்டாம். டெட்ராய்ட் சுவர் இன்னும் நிற்கிறது. அதன் ஒரு பகுதியில் 2006இல் ஓவியம் தீட்டினார்கள்.

செப்பனிடும் கடன் இன்னொரு பக்கம் திருடர்களை வளர்த்தது. வீடுவீடாகக் கதவைத் தட்டி, உங்கள் வீட்டை மாதிரி வீடாக்குகிறோம், அதைப் பார்த்து அக்கம்பக்கத்தில் செய்துகொண்டால் உங்களுக்குக் கமிஷன் என்று ஆசைகாட்டிக் கூடுதல் விலைக்குச் சுவர்த்தகடு அடித்துவிட்டுப் போனார்கள். கமிஷனாவது ஒன்றாவது! 1954இல் இது பெரிய ஊழலாக வெடித்து எஃப்.எச்.ஏ. தலைவர் பதவி இழந்தார். அழகுக்கு ஏங்கியவன் கடனாளி ஆனதுதான் மிச்சம்.

புல்லும் சுவரும் ஒன்றாகச் சேர்ந்த ஊர் லெவிட்டவுன். நியூயார்க் அருகே உருளைக்கிழங்கு வயல்களில் 1947இல் தொடங்கி நான்கைந்து ஆண்டுகளில் 17,000க்கு மேல் வீடுகள். ஒரே அச்சு. ஏப்ரல் முதல் நவம்பர் வரை வாரம் ஒருமுறை புல் வெட்டியாக வேண்டும், வேலி கூடாது, விடுமுறை நாளில் துணி காயப்போடக் கூடாது. அக்கம்பக்கத்து விலை விழுந்துவிடுமாம். ஆரம்பகால வாடகை ஒப்பந்தத்தில் இன்னொரு விதி: வெள்ளையர் அல்லாதார் குடியிருக்கக் கூடாது. வேலைக்காரர்களுக்கு மட்டும் விலக்கு. புல் வெட்ட வரலாம், புல்லுக்குச் சொந்தக்காரனாகக் கூடாது. இனத்தடை விதிகளை நீதிமன்றங்கள் அமல்படுத்தக் கூடாது என்று 1948இல் உச்ச நீதிமன்றம் சொன்ன பிறகும் நடைமுறை மாறவில்லை.

1957 ஆகஸ்டில் பென்சில்வேனியா லெவிட்டவுனில் வில்லியம் மையர்ஸ், டெய்சி மையர்ஸ் என்ற கறுப்புத் தம்பதியர் ஒரு வெள்ளையரிடமிருந்து வீடு வாங்கிக் குடிவந்தார்கள். இரவுக்கு இரவு கூட்டம் கூடியது, கல் பறந்தது, ஜன்னல் உடைந்தது. அவர்களுக்கு ஆதரவாக நின்ற அண்டை வீட்டுச் சுவரில் கு-க்ளக்ஸ்-க்ளான் எழுத்துகளைப் பூசிவிட்டுப் போனார்கள். சுவர் அழகில் அத்தனை அக்கறை உள்ள ஊர் அது.

இந்தப் பயத்தையும் காசாக்கினார்கள் தரகர்கள். கறுப்புப் பெண் ஒருத்திக்குக் காசு கொடுத்து, குழந்தை வண்டியைத் தள்ளிக்கொண்டு வெள்ளையர் தெரு வழியே நடக்கச் சொல்வது. மிரண்டவர்கள் அடிமாட்டு விலைக்கு விற்பார்கள். அதையே இரட்டை விலைக்குக் கறுப்பர் தலையில் கட்டுவது. சிகாகோவில் பலருக்கு வங்கிக்கடனும் கிடையாது. தவணை ஒப்பந்தம்தான். ஒரு தவணை தவறினால் வீடும் போச்சு, கட்டிய பணமும் போச்சு. அந்த வீடுகளுக்கு ஒரு பெயிண்டும் கூடியதில்லை, குறைந்ததில்லை. தெருவில் நடந்துபோன ஒரு உடல்தான் விலையை மாற்றியது.

1968இல் வீட்டுவசதியில் பாகுபாட்டைச் சட்டம் தடைசெய்தது. கையேட்டு வாசகங்கள் போய்விட்டன. மதிப்பிடுகிற கண் போகவில்லை. கலிஃபோர்னியாவில் மரின் சிட்டி என்ற ஊர், இரண்டாம் உலகப்போரில் கப்பல் கட்டும் தளத்துக்கு வந்த தொழிலாளர்களால் உருவானது. அங்கே ஒரு கறுப்புத் தம்பதியர் பெரும் செலவில் வீட்டைப் புதுப்பித்தார்கள். 2020இல், விற்க அல்ல, கடனை மாற்றியமைக்க மதிப்பீட்டாளரை வரவழைத்தார்கள். 9,95,000 டாலர் என்று மதிப்புப் போட்டார். சில வாரம் கழித்து இன்னொருவர் வந்தபோது, வீட்டிலிருந்த குடும்பப் படங்களைக் கழற்றி வைத்துவிட்டு, வெள்ளைக்காரத் தோழி ஒருவரின் குடும்பப் படங்களை மாட்டி, அவரையே வீட்டுக்காரியாக நிற்கவைத்தார்கள். மதிப்பு 14,82,500 டாலர். வழக்குப் போட்டார்கள், 2023இல் சமரசம் ஆனது. வீட்டுக்கு வெள்ளையடிப்பது என்று அமெரிக்கக் கறுப்பர்கள் இப்போது சொல்வது இதைத்தான்.