செங்கோட்டைக் கணவாயும் பறவைக் குறிப்புகளும்

குற்றாலத்துப் பறவைகளை ஊரும் வயலும் சொல்லி வரிசைப்படுத்திய பழைய நூல்களில் பலரும் அறிந்தது, 18ஆம் நூற்றாண்டில் மேலகரம் திரிகூடராசப்பக் கவிராயர் பாடிய திருக்குற்றாலக் குறவஞ்சி. அதன் பிற்பகுதியில் பறவை பிடிக்க வரும் சிங்கன், காடை, கம்புள், கொண்டைக்குலாத்தி, மாடப்புறா, கொக்கு என்று வருகிற கூட்டத்தையெல்லாம் பெயர் சொல்லிக் காட்டுகிறான். அவை இறங்கி மேயும் பேரி, வடகால், பற்று எல்லாவற்றுக்கும் பெயர் உண்டு. கண்ணியை எங்கே குத்துவது என்பதுதான் அவனுடைய கவலை. ஆனாலும் எந்தப் பறவை, எந்த வயல் என்ற இரண்டையும் அவன் பிரிக்காமல் சொல்கிறான். பின்னால் வந்த படித்தவர்கள் பலர் இந்த இரண்டாவது விவரத்தில்தான் கோட்டை விட்டார்கள்.

அச்சில் பறவைக் குறிப்புகள் வரத் தொடங்கியது கும்பினி ஆட்சியில். மருத்துவராக வந்த டி. சி. ஜெர்டன் தென்னிந்தியப் பறவைகளின் பட்டியலை 1839 முதல் சென்னை இலக்கிய, அறிவியல் இதழில் வெளியிட்டார். குறிப்புகளைப் பலரும் பகிர்ந்துகொள்ள ஒரு களம் அமைந்தது அதற்குப் பிறகுதான். ஆலன் ஆக்டேவியன் ஹியூம் 1870களில் தொடங்கிய 'ஸ்ட்ரே ஃபெதர்ஸ்' இதழுக்குத் தோட்டக்காரர்களும் அதிகாரிகளும் நாடெங்கிலுமிருந்து எழுதினார்கள். தென் திருவிதாங்கூர் மலையில் காப்பித் தோட்டம் வைத்திருந்த ஃபிராங்க் போர்டில்லன் அவர்களில் ஒருவர். அவருடைய குறிப்புகளோடு திருவிதாங்கூர் மலைப் பறவைகளின் பட்டியலை ஹியூம் 1876இல் வெளியிட்டார்.

அன்று அடையாளம் கேட்பதென்றால் பறவையைச் சுட்டாக வேண்டும். தோலை உரித்து, பூச்சி அரிக்காமல் மருந்து தடவி, பஞ்சு அடைத்து, காலில் சீட்டுக் கட்டி அனுப்புவார்கள். சீட்டில் தேதி, இடம், ஆணா பெண்ணா என்ற விவரம் இருக்கும். ஹியூமின் கையெழுத்துப் படிகளில் பெரும்பகுதி பழைய காகிதமாகக் கடைக்குப் போய்விட்டது. மனம் வெறுத்த அவர் தம் சேகரிப்பை 1885இல் பிரிட்டிஷ் அருங்காட்சியகத்துக்குக் கொடுத்துவிட்டார். கையெழுத்து அழிந்தாலும் தோல்களும் சீட்டுகளும் தங்கின.

மலையில் துப்பாக்கியோடு திரிந்தவர்கள் கவனிக்காத ஒன்று சமவெளியில் நடந்துகொண்டிருந்தது. கூந்தன்குளத்தில் கூழைக்கடாக்கள் கூடு கட்டுவதையும் ஊர்க்காரர்கள் அவற்றைக் காத்துவருவதையும் சி. இ. ரேனியஸ் 1906இல் நேரில் பார்த்து, பம்பாய் இயற்கை வரலாற்றுக் கழக இதழில் எழுதினார். அரசு அதைச் சரணாலயமாக அறிவித்தது 1994இல். கூழைக்கடா வந்து போகும் காலம் ஊராருக்கு அதற்கு வெகுகாலம் முன்பே அத்துப்படி.

1933இல் சாலிம் அலி திருவிதாங்கூர், கொச்சி அரசுகளுக்காகப் பறவைக் கணக்கெடுப்பு நடத்தினார். சேகரித்த தோல்களை ஹியூ விஸ்லர் இங்கிலாந்தில் ஆராய்ந்தார். அறிக்கை 1935 முதல் தொடராக வந்தது. செங்கோட்டை அப்போது திருவிதாங்கூரில் இருந்தது, பக்கத்திலேயே இருக்கும் தென்காசி சென்னை மாகாணத்தில். 1956இல் செங்கோட்டை தமிழ்நாட்டோடு சேர்ந்தது. ஆகவே ஒரே மலையின் பறவைகள் பழைய ஏடுகளில் இரண்டு அரசுகளின் கணக்கில் ஏறியிருக்கின்றன.

துப்பாக்கி போய் பைனாகுலர் வந்ததும் குறிப்பு எழுதுவோரின் கூட்டமும் மாறியது. 1960இல் ஜாஃபர் ஃபத்தேஹல்லி தொடங்கிய 'நியூஸ்லெட்டர் ஃபார் பேர்ட்வாட்சர்ஸ்' சைக்ளோஸ்டைல் செய்த மாத இதழ். பணமோ பதவியோ இல்லாதவர்களும் அதில் எழுத முடிந்தது. திருநெல்வேலியில் பிறந்த மா. கிருஷ்ணன் தமிழிலும் ஆங்கிலத்திலும் பறவைகளைப் பற்றி எழுதி, தோலைப் பார்க்காமல் நடத்தையைப் பார்க்கும் பழக்கத்தை வாசகர்களுக்கு உண்டாக்கினார். 2011 முதல் தாமிரபரணிப் பாசனக் குளங்களில் நீர்ப்பறவைக் கணக்கெடுப்பு நடக்கிறது. 2015 முதல் பொங்கல் பறவைக் கணக்கெடுப்பும் சேர்ந்துகொண்டது. இன்று சந்தேகமான பறவையைப் படம் எடுத்து அனுப்பினால் சிறிது நேரத்தில் பதில் வந்துவிடும். கைப்பேசியே இடத்தையும் குறித்துவிடும்.

அந்த இடக்குறிப்பு இப்பகுதியில் வெறும் சம்பிரதாயம் அல்ல. செங்கோட்டைக்கும் ஆரியங்காவுக்கும் இடையே மேற்குத் தொடர்ச்சி மலை தாழ்ந்து கணவாயாகிறது. அருவி ஓரப் பாறைகளில் விசிலடித்துப் பாடும் சீகாரப் பூங்குருவிக்கு இந்தத் தாழ்வு ஒரு பொருட்டல்ல. இரு பக்கமும் ஒரே இனம்தான். உயரத்துச் சோலைக்காடுகளை விட்டு இறங்காத பறவைகளுக்கோ அது கடக்க முடியாத அகழி. வடக்கே பழனிச் சிரிப்பான். தெற்கே அசம்பு மலையில் வெள்ளைப் புருவம் குட்டையான வேறொரு சிரிப்பான். அதற்குப் பிளான்ஃபோர்ட் 1880இல் பெயரிட்டார்.

சோலைக்குள் தரையோரம் திரியும் கருநீலச் சோலாகிளியின் கதை இன்னும் நீண்டது. கணவாய்க்குத் தெற்கே இருப்பதை வடக்கே இருக்கும் வெள்ளை வயிற்றுச் சோலாகிளி என்றே நெடுங்காலம் எழுதிவந்தார்கள். பார்வைக்கு இரண்டும் அவ்வளவு நெருக்கம். வி. வி. ராபின் குழுவினர் மேற்குத் தொடர்ச்சி மலையில் 23 பறவையினங்களின் மரபணுக்களை ஒப்பிட்டு, பள்ளத்தாக்குகள் அவற்றில் பலவற்றைப் பிரித்துவைத்திருப்பதை 2015இல் காட்டினார்கள். 2017இல் தெற்குச் சோலாகிளி 'ஷோலிகோலா அஷாம்புவென்சிஸ்' என்ற தனி இனமாயிற்று.

அதோடு பழைய பதிவுகளைத் திரும்பப் பிரிக்கும் வேலை வந்தது. மலைப்பெயரோ தோட்டத்தின் பெயரோ எழுதியிருந்த சீட்டுகளில் சிக்கல் இல்லை. கணவாய்க்கு எந்தப் பக்கம் என்று பார்த்தால் இனம் தெரிந்துவிடும். திருநெல்வேலியை 'டின்னவேலி' என்று குறித்து, அதை மட்டும் எழுதியவைதான் தொல்லை. அந்தப் பழைய ஜில்லாவில் கணவாய்க்கு வடக்கே சிவகிரி மலையும் அடக்கம், தெற்கே குற்றாலமும் பாபநாசமும் அடக்கம். 2019இல் பிரிந்த தென்காசி மாவட்டமும் கணவாயின் இரு பக்கமும் கிடப்பதால், இங்கே எழுதும் குறிப்பிலும் மாவட்டத்தின் பெயர் மட்டும் போதாது. மலையின் பெயரும் வேண்டும்.